ஏழு நிமிடத் தாமதத்துக்கு 44,320 ரூபாய்

2024 ஜூலை 31ஆம் தேதி ராத்திரி 12 மணிக்குள் ஒரு படிவத்தைப் போட்டு முடித்திருந்தால் எனக்கு வருமான வரியில் 54,040 ரூபாய் ரீஃபண்ட் வந்திருக்கும். நான் போட்டு முடித்தபோது மணி 12.07. கடைசியில் கைக்கு வந்தது 12,120 ரூபாய். போன பணத்தைவிட, இப்படி ஒரு படிவம் இருக்கிறது என்று ஒருத்தர்கூட முன்னாடியே சொல்லவில்லையே என்கிற ஆற்றாமைதான் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. ஜாப்ஒர்க் செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் என்று நம் பக்கத்தில் என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது இது நடக்காமல் இருக்கட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

திருப்பூர் காங்கேயம் ரோட்டுப் பக்கம் பவர்டேபிள் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 18 மெஷின், டெய்லர், கைமடி, செக்கிங் என்று 24 பேர். கம்பெனிகள் துணியை வெட்டிக் கொடுக்கும், நாங்கள் தைத்துக் கொடுப்போம், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது என் வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். 2023-24இல் மொத்தம் 92 லட்சத்துக்கு பில் போட்டேன், பிடித்தது 92,000. சம்பளம், வாடகை, கரண்ட், மெஷின் ரிப்பேர் எல்லாம் போக 10,80,000 ரூபாய் லாபம் காட்டினேன். சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவில் காட்டுவதால் ஆடிட் வேண்டியதில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு ஆடிட்டர் ஐயாதான் பல வருஷமாக எனக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தார். "ரசீதெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டுப் போ அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்பார். நானும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் என்ன செய்கிறார், எந்த முறையில் போடுகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2024 தொடக்கத்தில் கண் பார்வை சரியில்லை என்று ஆபீஸை மூடிவிட்டு கோயமுத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சரி, ஜிஎஸ்டி ரிட்டர்னே நாம்தானே போடுகிறோம், இதையும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆடிட்டருக்குக் கொடுக்கும் 6,000 மிச்சமாகுமே என்ற எண்ணமும் இருந்தது.

என் கணக்கு இப்படி. வீட்டுக் கடன் வட்டி 2,00,000. எல்ஐசி, சின்னவனின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்ந்து 80சி பிரிவில் 1,50,000. பெரியவளின் கல்விக் கடன் வட்டி 65,000. எங்களுக்கும் என் அப்பா அம்மாவுக்கும் எடுத்த மருத்துவக் காப்பீடு 45,000. (மாமியாருக்கு எடுத்த பாலிசியையும் சேர்த்திருந்தேன், அது செல்லாது. பெற்றோர் என்றால் நம்மைப் பெற்றவர்கள் மட்டும்தானாம்.) ஆக 4,60,000 கழிவு, மீதி 6,20,000. இந்தக் கழிவுகளை ஏற்கும் பழைய வரிமுறையில் அதற்கு வரி, அதன்மேல் போடும் செஸ் உட்பட, 37,960. 92,000 ஏற்கனவே பிடித்தாகிவிட்டதால் 54,040 திரும்ப வர வேண்டும். தீபாவளி போனஸுக்கு அதை அப்படியே ஒதுக்கியும் வைத்துவிட்டேன். வராத பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதியது என் தப்பு, ஆனால் வருஷா வருஷம் ரீஃபண்ட் வந்துகொண்டிருந்ததால் வராமல் போகும் என்று தோன்றவே இல்லை.

சட்டத்தில் என்ன மாறியிருந்தது என்றால், 2020 பட்ஜெட்டில் புதிய வரிமுறை வந்தது, கழிவுகளை விட்டுக்கொடுத்தால் விகிதம் குறைவு. முதல் மூன்று வருஷம் சும்மா இருந்தால் பழைய முறைதான், புதியதற்குப் போகிறவர்தான் விருப்பம் சொல்ல வேண்டும். 2023-24 வருமானத்திலிருந்து அது தலைகீழாகிவிட்டது. சும்மா இருந்தால் புதிய முறை, பழையதிலேயே இருக்க விரும்புகிறவர் சொல்ல வேண்டும். சொல்வதிலும் இரண்டு விதம் இருக்கிறது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ரிட்டர்னுக்குள்ளேயே ஒரு டிக் அடித்தால் போதும், வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் இருப்பவர்கள் 10-ஐஇஏ என்று தனிப் படிவம் ஒன்றை, ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதிக்குள் போட்டாக வேண்டும். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் சம்பளக்காரர்களுக்கானவை. எங்கள் வீதியில் ஒரு டீச்சர் தானே ரிட்டர்ன் போடுகிறவர், அவரும் "ஒரு டிக் தானுங்க்கா" என்றார். அவருக்கு அது சரிதான். எனக்கும் அதுவே என்று நான் நம்பியதுதான் தப்பாகப் போனது. வீடியோவில் சொல்கிறவர் சம்பளக்காரருக்குச் சொல்கிறாரா தொழில் செய்கிறவருக்குச் சொல்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

கடைசி நாள் வரைக்கும் ஏன் இழுத்தேன் என்றால், ஒரு கம்பெனி பிடித்த டிடிஎஸ்ஸில் 11,000 ரூபாய், என் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் ஏறவே இல்லை. அவர்கள் என் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஜூன் முழுக்க அந்த அக்கவுண்ட்ஸ் ஆபீஸுக்கு நடந்தேன். "நாளைக்குப் பண்ணிரலாங்க்கா" என்று ஜூலை 29 வரை இழுத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அதற்காக நான் காத்திருக்கவே வேண்டியதில்லை. இருக்கிறதை வைத்து ரிட்டர்னைப் போட்டுவிட்டு, மீதி டிடிஎஸ் ஏறியதும் டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டிருக்கலாம். தேதி தவறினால் போனது போனதுதான். 26ஏஎஸ்ஸை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து உங்கள் பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள், வருஷக் கடைசியில் பார்த்தால் என்னைப் போல அலைய வேண்டியிருக்கும்.

31ஆம் தேதி புதன்கிழமை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்துப் போட்டு, ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். பழைய முறை என்று தேர்ந்தெடுத்தால் 10-ஐஇஏ படிவத்தின் ஒப்புகை எண்ணைக் கேட்டது. அப்படி ஒரு பெயரையே அப்போதுதான் பார்க்கிறேன். தேடிப் படித்து, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பத்தே முக்கால். வருஷத்தைக் கேட்டது. 2023-24 வருமானம்தானே என்று அந்த வருஷத்தைத் தேடி அரை மணி நேரம் வீண். மதிப்பீட்டு ஆண்டு என்பது அதற்கு அடுத்த வருஷம், 2024-25 என்பது அப்புறம்தான் உறைத்தது. படிவம் ஒன்றும் பெரிதில்லை, நிரப்ப ஐந்து நிமிடம்தான். கடைசியில் ஆதார் ஓடிபி கேட்டது.

என் ஆதாரில் இருக்கும் போன் நம்பர் பழையது. ஆதார் எடுத்த காலத்தில் வீட்டுக்காரருடைய நம்பரைக் கொடுத்திருந்தோம், அந்த சிம் இப்போது ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் மாமியாருடைய பட்டன் போனில் இருக்கிறது. பதினொன்றரைக்குக் கூப்பிட்டு எழுப்பினேன். "என்ன கண்ணு இந்நேரத்துல, யாருக்கு என்னாச்சு?" என்று பதறிவிட்டார். ஒன்றும் இல்லை அத்தே, மெசேஜ் ஒன்று வந்திருக்கும், அதில் ஆறு நம்பர் இருக்கும், வாசியுங்கள் என்றேன். பேசிக்கொண்டிருக்கும் போனிலேயே மெசேஜை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்து, காலண்டர் தாளைக் கிழித்து அதில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் திரும்பக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. போனபோது அவர் வாசித்தது முதல் ஓடிபி, அதற்குள் நான் இரண்டாவது கேட்டிருந்தேன். தவறான ஓடிபி என்று வந்தது. மறுபடியும் கேட்டு, மறுபடியும் வைத்து, மறுபடியும் எழுதி, அவர் ஒவ்வொரு எண்ணாக "நாலு... ஏழு... அப்புறம் முட்டை" என்று சொல்லச் சொல்ல அடித்து முடித்தேன். படிவம் போய்விட்டது. திரையில் தேதி ஆகஸ்ட் 1, நேரம் 12.07.

ரிட்டர்னுக்குத் திரும்பி வந்தால் பழைய முறைக்குப் போகவே விடவில்லை. புதிய முறையில் 10,80,000க்கு வரி 74,880 என்று நின்றது, அதன்மேல் தாமதக் கட்டணம் 5,000. நான் கட்டிய வீட்டுக் கடன் வட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், எதுவும் கணக்கில் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அடுத்த நாள் மாமியார் விடிந்ததும் கூப்பிட்டு, "நான் சொன்ன நெம்பரு தப்பாப் போச்சா கண்ணு? என்னாலயா?" என்று கேட்டதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வேறொரு ஆடிட்டரிடம் போனேன். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அதிகாரிக்கு மனுப்போட வழி இருக்கிறது, ஆனால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எழுதி நடத்த 10,000 ஆகும் என்றார். யோசித்துவிட்டு வேண்டாம் என்று புதிய முறையிலேயே போட்டுவிட்டேன். செப்டம்பர் கடைசியில் 12,120 ஏறியது. அக்டோபர் 31 தீபாவளி. போனஸில் துண்டு விழுந்ததற்கு 40,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினேன், பொங்கலுக்குத் திருப்பியபோது வட்டி 2,400. கூடுதல் வரி 36,920, கட்டணம் 5,000, வட்டி 2,400, மொத்தம் 44,320. எனக்கு 6,000 மிச்சம் பிடிக்கப் போய் ஆன செலவு இது.

அந்தப் புது ஆடிட்டர் அன்றைக்குச் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கியது. ஆதார் ஓடிபிதான் வேண்டும் என்று இல்லை. வங்கிக் கணக்கை முன்கூட்டியே அந்தத் தளத்தில் சரிபார்த்து வைத்திருந்தால் அதன் வழியாகவே ஒரு குறியீடு எடுக்கலாம், நெட் பேங்கிங்கில் நுழைந்தும் எடுக்கலாம். என் கணக்கில் நெட் பேங்கிங் இருந்தது. அத்தையை எழுப்பியிருக்கவே வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்கள் முதல் வேலையாக ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது, அந்த சிம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நான் ஆகஸ்ட் மாதமே ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிட்டேன், 50 ரூபாய் ஆனது.

இந்தக் கதையை ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது பெரிய மாமா, பொள்ளாச்சியில் காயர் கம்பெனி வைத்திருப்பவர், "ஏங்கண்ணு, எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு, பதினஞ்சு பர்சென்ட், கழிவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு வெச்சுட்டா நீ எதுக்கு நடுராத்திரில அல்லாடோணும்?" என்றார். எனக்கும் அந்த நிமிடம் அது நியாயமாகத்தான் பட்டது. 1973-74இல் 11 படிநிலையும் உச்சத்தில் 97.75 சதவீதமும் இருந்த வரி அடுத்த வருஷம் 77 ஆனதையும், பிறகு பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோது அதை 66க்கு இறக்கியதையும் மாமா பெருமையாகச் சொல்வார். வரியைக் குறைத்தால்தான் கட்டுவார்கள் என்பது மாமாவின் வாதம். சரி பார்த்துவிடலாம் என்று பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். முதல் 3 லட்சத்துக்கு விலக்கு, அதற்கு மேல் 15 சதவீதம் என்று வைத்தால் எனக்கு வரி 1,17,000. நான் அழுதுகொண்டே கட்டிய 74,880ஐ விட 42,000 அதிகம். எங்களுக்குத் துணி வெட்டிக் கொடுக்கும் கட்டிங் மாஸ்டருக்கு மாதம் 40,000 சம்பளம், புதிய முறையில் 7 லட்சம் வரை வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருந்ததால் அந்த வருஷம் அவருக்கு வரியே இல்லை, ஒரே விகிதம் வந்தால் 27,000. மாமாவுக்கு அந்த வருஷ லாபம் 60 லட்சம், புதிய முறையில் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 17,16,000 வந்தது, அது 8,55,000 ஆகிவிடும். மாமா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதையும் எழுதியாக வேண்டும். ஒரே விகிதம் என்றால் பெண்டாட்டி பேரில் கொஞ்சம், அம்மா பேரில் கொஞ்சம் என்று வருமானத்தைப் பிரித்துக் காட்டும் வேலை பெரும்பாலும் நின்றுபோகும் என்றார். அது உண்மைதான், நம் ஊரில் நடக்காத வீடு இல்லை.

ஆனால் ஒரே விகிதத்தில் வரி கட்டிய அனுபவம் எனக்கே இருக்கிறது. 2014 முதல் 2019 வரை கொழுந்தனாரோடு சேர்ந்து பார்ட்னர்ஷிப்பாகத்தான் நடத்தினோம். பார்ட்னர்ஷிப்புக்குப் படிநிலையே கிடையாது, லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். எளிமையாக இருந்ததா என்றால், என் வாழ்க்கையில் அவ்வளவு சிக்கலான கணக்கை நான் பார்த்ததில்லை. பங்குதாரர் போட்ட முதலுக்கு 12 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். சம்பளத்துக்கு அப்போது இருந்த உச்சவரம்பு, முதல் 3 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் அல்லது ஒன்றரை லட்சம், எது அதிகமோ அது, மீதியில் 60 சதவீதம் என்று. அதுவும் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எதை லாபம் என்று வைப்பது என்பதில்தான் எங்கள் நாட்கள் எல்லாம் போயின. அந்த லாபத்தை 30ஆல் பெருக்குவதற்கு கால்குலேட்டரில் ஒரு நொடி. அந்த ராத்திரியை நினைத்துப் பார்த்தாலும் இதுதான். 5, 10, 15 என்ற படிநிலைக் கணக்கை இயந்திரமே போட்டுவிட்டது, அதில் எனக்கு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. போனதெல்லாம் எந்த முறை, எந்தப் படிவம், எந்த ஆண்டு, எந்த அப்பா அம்மா என்பதில்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ரஷ்யா 2001இல் 13 சதவீதம் என்று ஒரே விகிதம் கொண்டுவந்தது, 2021இல் அதிக வருமானத்துக்கு 15 என்று மாற்றியது, 2025இலிருந்து ஐந்து படி. ஸ்லோவாக்கியா 2004இல் 19 என்று வைத்து 2013இல் கைவிட்டது. எஸ்டோனியா 1994இலிருந்து ஒரே விகிதத்தில்தான் இருக்கிறது, அங்கே ரிட்டர்ன் சில நிமிடத்தில் முடிகிறது, ஆனால் அதற்கு விவரங்களை அரசே நிரப்பிக் கொடுப்பது பெரிய காரணம். நமக்கு வேண்டியது அந்தப் பாதி. படிநிலை இருக்கட்டும். முறை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், சம்பளக்காரருக்கு டிக், எனக்குப் படிவம் என்ற பேதம் போகட்டும். அதற்காகக் கழிவுகளை விட்டுக்கொடுக்கச் சொன்னால்கூட நான் தயார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய சட்டத்தில் 819 பிரிவுகளை 536 ஆக்கி, 5.12 லட்சம் சொற்களைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டு ஆண்டு போய் "வரி ஆண்டு" வருகிறது, எனக்கு அரை மணி நேரத்தைத் தின்ற குழப்பம் அதோடு தீரும். அதை மனதார வரவேற்கிறேன். இரண்டு முறையும் அதிலும் அப்படியே தொடர்கின்றன என்பதில்தான் எனக்கு வருத்தம்.

தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். 10-ஐஇஏ போட்டுப் பழைய முறைக்கு வந்தால், புதியதற்கு ஒரே ஒரு தடவைதான் திரும்பலாம். அப்படித் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழைய முறை கிடையாது. 2024-25க்கு எனக்கு லாபம் கிட்டத்தட்ட அதேதான், பழைய முறையில் 26,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். 2025-26 வருமானத்துக்கோ புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி வந்துவிட்டதால் எனக்கு வரியே வராது. அதனால் 2025இல் பழையதைத் தேர்ந்தெடுத்தேன், அடுத்த ரிட்டர்னில் அதே 10-ஐஇஏ வழியாகவே புதியதற்குத் திரும்பப் போகிறேன், அதோடு பழைய கதவு மூடிவிடும் என்று தெரிந்தேதான். உங்கள் வீட்டுக் கடன் இன்னும் பல வருஷம் ஓடும், லாபமும் 12 லட்சத்தைத் தாண்டும் என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2025 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, யூனிட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் போட்டேன். வங்கிக் கணக்கு வழியாகக் குறியீடு வந்தது, நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒப்புகையை அச்செடுத்து ஃபைலில் வைத்தேன். சாயங்காலம் வேறு ஏதோ பேச மாமியாரைக் கூப்பிட்டபோது, ரிட்டர்ன் வேலை நடக்கிறது என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நெம்பரு ஏதாச்சும் வாசிக்கோணுமா கண்ணு? தாளும் பேனாவும் எடுத்து வெச்சுக்கட்டுமா?"